விலையை நிருணயிப்பவர் யார்? – கணனிச் செயலிச் சந்தை புகட்டும் பாடம்



ஒரு பொருளின் விலையை நிருணயிப்பவர் யார்? அதனைச் செய்தவரே என்பது பலரும் உடனே கூறும் விடை. செய்வதற்கு ஆன செலவுடன் சிறிது இலாபத்தைக் கூட்டினால் விலை வந்துவிடும் என எண்ணுகின்றோம். ஆனால் சுன்னாகம் சந்தையிலோ திருநெல்வேலிச் சந்தையிலோ காய்கறி வாங்கிப் பழகிய நம் மூத்தோர் இவ்விடையை ஏற்கமாட்டார்கள். கத்தரிக்காய் விற்க ஒருவர் மட்டும் வந்திருக்கும் நாளில் அவர் சொன்னதே விலை. அருகில் இன்னொருவர் தம் கடகத்தை இறக்கி வைத்ததும் விலையும் இறங்கத் தொடங்கும். தோட்டத்தில் பட்ட பாடும் செலவும் இரு நாளும் ஒன்றே. மற்றொரு கடகம் வந்து சேர்ந்தமை மட்டுமே வேறுபாடு.

இவ்வுண்மை கத்தரிக்காய்க்கு மட்டும் உரியதன்று. பல்லாயிரங் கோடி டொலர் முதலீட்டில் நடைபெறும் மிக நுட்பமான தொழிலுக்கும் இதுவே விதி. மேசைக் கணனியின் மூளை எனப்படும் நுண்செயலியின் விலை கடந்த நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்துள்ளது, அதற்குக் காரணம் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். இவ்வரலாற்றில் நமது ரொறன்ரோப் பெரும்பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதனை நம் பிள்ளைகளிற் பலர் அறியார். அதனையும் இங்கே காண்போம்.

புலம்பெயர்ந்து வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் முதலாவது கணனி, பெற்றோர் மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த பணத்திலேயே வீட்டுக்கு வந்தது. இன்றும் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்குக் கணனி வாங்குவது சிறு செலவன்று. அப்பணத்தில் எவ்வளவு பயனுக்குச் செல்கின்றது, எவ்வளவு பெயருக்குச் செல்கின்றது என அறிந்து செலவிடுவது நம் கடமையாகும்.

நுண்செயலி என்பது யாது?

கணனியின் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய பலகை தெரியும். இதனைத் தாய்ப்பலகை என்பர். அதில் மின்விசிறிக்குக் கீழே மறைந்திருக்கும் சிறு சதுரமே நுண்செயலி. கூட்டல், கழித்தல், ஒப்பிடல் போன்ற எளிய வேலைகளை ஒரு வினாடியில் பல நூறு கோடி தடவை செய்வது அதன் தொழில். திரையில் தமிழ் எழுத்துத் தோன்றுவதும், பாடல் ஒலிப்பதும், படம் அசைவதும் இவ்வெளிய வேலைகளின் கூட்டே.

செயலியின் ஆற்றலைக் கூறும்போது இரு சொற்களை அடிக்கடி கேட்கின்றோம். ஒன்று கிகாஹேர்ட்ஸ். ஒரு கிகாஹேர்ட்ஸ் என்பது வினாடிக்கு நூறு கோடி துடிப்பு. மற்றையது கோர். ஒரே சில்லினுள் அமைந்த தனித்தனி வேலையாளே கோர் எனக் கொள்ளலாம். நான்கு கோர் கொண்ட செயலி, நால்வர் நின்று சமைக்கும் சமையலறைக்கு ஒப்பாகும். வேலையைப் பங்கிட முடியுமாயின் சமையல் விரைவில் முடியும். பங்கிட முடியாத வேலையாயின் ஒருவர் கிண்ட, மற்ற மூவரும் பார்த்து நிற்பர். ஆகவே கோர்களின் தொகை கூடியது எல்லாம் எல்லோருக்கும் பயன்படும் என எண்ணுதல் தவறு.

ஒவ்வொரு செயலியும் ஒரு குறித்த கட்டளைத் தொகுதியையே விளங்கிக்கொள்ளும். இன்ரெல் நிறுவனம் 1978 இல் வெளியிட்ட 8086 என்னும் செயலியின் கட்டளைத் தொகுதியே படிப்படியாக விரிந்து இன்றும் பெரும்பாலான மேசைக் கணனிகளில் வழங்குகின்றது. அதனை விளங்கும் செயலிகளைச் செய்யும் உரிமை மிகச் சில நிறுவனங்களுக்கே உண்டு. எனவே புதியவர் ஒருவர் வந்து கடை விரிப்பது எளிதன்று. ஒருவரே விற்கும் சந்தையைத் தனியுரிமை என்றும், இருவர் மட்டும் விற்கும் சந்தையை இருவருரிமை என்றும் பொருளியலார் கூறுவர். இன்ரெல், ஏ.எம்.டி. என்னும் இரு நிறுவனங்களின் சந்தை இரண்டாவது வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

செலவு வேறு, விலை வேறு

செயலி ஒன்றைச் செய்ய எவ்வளவு செலவாகும்? இவ்வினாவுக்கு இரு விடைகள் உள. புதிய வகைச் செயலி ஒன்றை வடிவமைத்து, முதலாவதைச் செய்து எடுப்பதற்குப் பெருந்தொகை வேண்டும். அதற்குரிய புதிய தொழிற்சாலை ஒன்றை அமைக்கவே இன்று ஆயிரங் கோடி அமெரிக்க டொலருக்கு மேல் தேவைப்படும். ஆனால் அத்தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பின் மேலும் ஒரு செயலியைச் செய்வதற்கு ஆகும் செலவு, கடையில் அதற்குக் கூறப்படும் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதே. முன்னையதை நிலையான செலவு என்றும் பின்னையதை மாறும் செலவு என்றும் பாடநூல்கள் கூறும்.

செயலிகள் தனித்தனியே செய்யப்படுவதில்லை. ஏறத்தாழ ஓரடி குறுக்களவுள்ள வட்டமான சிலிக்கன் தட்டு ஒன்றிற் பல நூறு சில்லுகள் ஒருங்கே செய்யப்பட்டுப் பின்னர் வெட்டிப் பிரிக்கப்படும். அவை எல்லாம் ஒரே தரமாக அமையா. சில மிக விரைவாக இயங்கும். சில சற்று மெதுவாக இயங்கும். சிலவற்றில் ஒரு பகுதி பழுதாயிருக்கும். மாம்பழ வியாபாரி ஒரே மரத்துப் பழங்களைத் தரம் பிரித்து வெவ்வேறு விலை கூறுவது போலவே இந்நிறுவனங்களும் செய்கின்றன. 2008 இல் ஏ.எம்.டி. மூன்று கோர் கொண்ட செயலிகளை விற்பனைக்கு விட்டது. அவை உண்மையில் நான்கு கோருடன் செய்யப்பட்டு, ஒன்று நிறுத்தப்பட்டவை. எறிய வேண்டியிருந்த பல சில்லுகள் இவ்வாறு விலைபோயின.

இவற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு இது. விலையின் கீழெல்லை செலவு. அதன் மேலெல்லை வாங்குவோரின் தேவையும் பணமும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே உள்ள வெளி மிகப் பெரிது. அவ்வெளியில் விலை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போட்டியாளர் இருக்கின்றாரா, இல்லையா என்பதே.

இருவர் சந்தை உருவான வரலாறு

இன்ரெல் நிறுவனத்தை 1968 இல் ரொபேர்ட் நொய்ஸ், கோர்டன் மூர் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் தொடங்கினர். அடுத்த ஆண்டில் ஜெரி சாண்டர்சும் அவர்தம் தோழர்களும் ஏ.எம்.டி. நிறுவனத்தை நிறுவினர். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணனிக்கு இன்ரெல்லின் செயலியைத் தெரிந்தெடுத்தது. ஆயினும் ஒருவரிடம் மட்டும் தங்கியிருக்க அது விரும்பவில்லை. இரண்டாவது வழங்குநர் ஒருவரும் வேண்டும் என்றது. அதன் பயனாக, இன்ரெல் வடிவமைத்த செயலிகளை ஏ.எம்.டி.யும் செய்து விற்கலாம் என 1982 இல் உடன்படிக்கை ஏற்பட்டது. மாணவர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். போட்டி தானாகப் பிறக்கவில்லை. வாங்குபவர் வற்புறுத்திக் கேட்டமையாலேயே பிறந்தது.

1985 இல் 386 என்னும் செயலியை வெளியிட்ட இன்ரெல், அதனை ஏ.எம்.டி.யுடன் பகிர மறுத்தது. வழக்குகள் எழுந்தன. ஏ.எம்.டி. தன் சொந்த 386 செயலியை 1991 இல் வெளியிடும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அச்சந்தை இன்ரெல்லின் கையிலேயே இருந்தது. வெறும் எண்ணைத் தன் வணிகக் குறியாகக் காத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறியபின், இன்ரெல் தன் அடுத்த செயலிக்கு 586 என்று பெயரிடாமல், 1993 இற் பென்ரியம் என்று பெயரிட்டது. எண் பெயராக மாறியதன் பின்னணியிலும் போட்டியே நின்றது.

பென்ரியத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவர் இந்தியாவில் பிறந்த வினோத் தாம் என்னும் பொறியியலாளர். பென்ரியத்தின் தந்தை என்றே அவரை அழைப்பர். அவர் 1995 இல் நெக்ஸ்ஜென் என்னும் சிறு நிறுவனத்திற் சேர்ந்தார். அந்நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியது. 1997 இல் பென்ரியத்துக்குப் போட்டியாக வெளிவந்த கே6 செயலி, நெக்ஸ்ஜென்னின் வடிவமைப்பிலிருந்து பிறந்ததாகும்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் கொம்பாக் நிறுவனம் சைரிக்ஸ் என்னும் மூன்றாவது போட்டியாளரின் செயலியைக் கொண்டு 999 அமெரிக்க டொலருக்கு ஒரு கணனியை விற்பனைக்கு விட்டது. அதற்கு முன் வீட்டுக் கணனிக்கு இரண்டாயிரம் டொலர் வரை கொடுப்பது வழக்கமாயிருந்தது. மலிந்த கணனிச் சந்தை கைநழுவுவதைக் கண்ட இன்ரெல், 1998 இற் செலரோன் என்னும் மலிவுச் செயலியை வெளியிட்டது. முதலில் வந்த செலரோன், பென்ரியம் இரண்டின் வடிவமைப்பிலிருந்து விரைவு நினைவகத்தை நீக்கிச் செய்யப்பட்டது. உயர்ந்த பொருளின் விலையைக் குறைக்காமல் தாழ்ந்த விலைக்கு வேறொரு பொருளை நிறுத்துவது இவ்வுத்தியின் நோக்கம். கடைத்தெருவில் இரண்டாந்தர அரிசிக்குத் தனிச் சாக்கு வைப்பதும் இதுவே.

முந்தியவரே விலை கூறுவர்

2000 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் நாள் ஏ.எம்.டி. தன் அத்லோன் செயலியை ஒரு கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் வெளியிட்டது. அந்த வேகத்தை எட்டிய முதலாவது தனியாள் கணனிச் செயலி அது. இரண்டே நாளில் இன்ரெல்லும் தன் ஒரு கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் மூன்றினை அறிவித்தது. அத்லோனின் மொத்த விற்பனை விலை 1,299 அமெரிக்க டொலர். இன்ரெல்லினது 990 டொலர். மலிவுக்குப் பெயர்பெற்ற ஏ.எம்.டி., முந்திவிட்ட அந்நாளில் மலிவாக விற்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஏ.எம்.டி.யின் செயலிகள் பல வகையில் முன்னின்றன. விலையும் உயர்ந்து நின்றது. 2006 யூலையில் இன்ரெல் கோர் 2 டுவோ என்னும் வரிசையை வெளியிட்டது. மிகுந்த ஆற்றல் கொண்ட அவ்வரிசையின் விலை 183 டொலரில் தொடங்கியது. ஏ.எம்.டி. என்ன செய்தது? அதே மாதத்தில் 696 டொலருக்கு விற்ற இரட்டைக் கோர்ச் செயலியை 301 டொலராகவும், 303 டொலருக்கு விற்றதை 152 டொலராகவும் குறைத்தது. சில்லு அதே சில்லு. தொழிற்சாலையும் அதே தொழிற்சாலை. நேற்று 696 டொலர் பெற்ற பொருள் இன்று 301 டொலர் ஆனமைக்குச் செலவு காரணமன்று. பக்கத்திற் புதிய கடகம் இறங்கியதே காரணம்.

தள்ளுபடியின் மறுபக்கம்

போட்டி எப்போதும் நேர்வழியில் நடைபெறும் என்று கூறவியலாது. ஸ்காபரோவில் உள்ள ஒரு மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். அரிசி மொத்த வியாபாரி ஒருவர் கடைக்காரரிடம், "அரிசி முழுவதையும் என்னிடமே வாங்கினால் சாக்குக்கு இரண்டு டொலர் கழிவு தருவேன், மற்றவரிடம் ஒரு சாக்கு வாங்கினாலும் கழிவு முழுவதும் போய்விடும்" என்கிறார். அன்றைக்கு அரிசி மலிகின்றது. ஆனால் மற்ற வியாபாரி நொடித்துப்போன பின்பு விலை கூறுபவர் ஒருவரே.

இவ்வகைக் கழிவுகளைக் கணனி செய்வோருக்கு இன்ரெல் வழங்கியது என்று குற்றஞ்சாட்டி, 2005 இல் ஏ.எம்.டி. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. இன்ரெல் அக்குற்றச்சாட்டை மறுத்தது. 2009 நவம்பரில் 125 கோடி டொலரை ஏ.எம்.டி.க்குச் செலுத்த உடன்பட்டு இன்ரெல் வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு இன்ரெல்லுக்கு 106 கோடி யூரோ தண்டப்பணம் விதித்தது. ஆனால் அக்கழிவுகள் போட்டியை உண்மையிற் கெடுத்தன எனத் தக்கவாறு நிறுவப்படவில்லை என்று கூறி, ஐரோப்பிய நீதிமன்றம் அத்தண்டத்தை 2022 இல் நீக்கியது. 2024 இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. வழக்கின் வேறொரு பகுதிக்கெனச் சிறியதொரு தண்டம் 2023 இல் விதிக்கப்பட்டது. வாங்குபவருக்கு நன்மை தரும் கழிவு எது, போட்டியாளரை ஒழிக்கும் கழிவு எது எனப் பிரித்தறிவது கற்றறிந்த நீதியரசர்களுக்கும் எளிதாக இருக்கவில்லை.

மார்க்கம் நகரின் பங்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 1985 இல் குவொக் யூன் ஹோ என்பவரும், லீ லாவ், பெனி லாவ், பிரான்சிஸ் லாவ் ஆகியோரும் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஏ.ரி.ஐ. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தோர் உருவாக்கிய நிறுவனம் அது. கணனித் திரையில் படத்தைத் தோற்றுவிக்கும் வரைகலைச் சில்லுகளைச் செய்வது அதன் தொழில். மார்க்கம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அந்நிறுவனத்தின் ரேடியோன் அட்டைகள் உலகெங்கும் அறியப்பட்டன. 2005 இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பொறியின் வரைகலைச் சில்லும் ஏ.ரி.ஐ. வடிவமைத்ததே.

2006 யூலையில், மேலே கூறிய விலைப்போர் நடந்த அதே மாதத்தில், ஏ.ரி.ஐ. நிறுவனத்தை ஏறத்தாழ 540 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கப்போவதாக ஏ.எம்.டி. அறிவித்தது. ஒக்ரோபரில் அது நிறைவேறியது. கனடாவின் பெருமைக்குரிய நிறுவனம் ஒன்று அயல்நாட்டார் கைக்குப் போயிற்றே என வருந்தியோர் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே. வாங்கிய ஏ.எம்.டி.க்கும் அது பெருஞ்சுமையாயிற்று. கடன் கூடியது. 2009 இல் தன் தொழிற்சாலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. கைத்தொலைபேசிகளுக்கான வரைகலைப் பிரிவை 6 கோடியே 50 இலட்சம் டொலருக்குக் குவல்கொம் நிறுவனத்துக்கு விற்றது. இன்று அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றில் உள்ள அட்ரீனோ என்னும் வரைகலைச் சில்லின் வேர் அங்கேதான் உள்ளது. 2011 இல் ஏ.எம்.டி. வெளியிட்ட புல்டோசர் என்னும் செயலி எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை. 2015 இல் அதன் பங்கு ஒன்றின் விலை இரண்டு டொலருக்கும் கீழே இறங்கியது.

போட்டியாளர் தளர்ந்த அக்காலத்திற் சந்தையில் நிகழ்ந்தது யாது? பொது வாங்குவோருக்கான நான்கு கோர்ச் செயலிகளை இன்ரெல் 2007 அளவிலேயே விற்கத் தொடங்கியிருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017 யனவரியில் வெளிவந்த அதன் பொதுச் சந்தைத் தலைச்செயலியும் நான்கு கோரே. விலை 340 டொலர் அளவு. எட்டுக் கோர் வேண்டுவோர் ஆயிரம் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. தனியுரிமையின் தீமை விலையேற்றம் மட்டுமே என நாம் எண்ணுவதுண்டு. விலை அதே இடத்தில் நிற்க, பொருள் வளராது நின்றுவிடுவதும் அத்தீமையின் மற்றொரு வடிவமே.

அந்த இருண்ட ஆண்டுகளில் ஏ.எம்.டி.யைத் தாங்கியது எது? 2013 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்ரேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய இரு விளையாட்டுப் பொறிகளுக்கும் செயலியும் வரைகலையும் ஒருங்கமைந்த சில்லை வழங்கியது அந்நிறுவனமே. ஏ.ரி.ஐ.யிலிருந்து வந்த வரைகலை அறிவு இல்லையேல் அச்சில்லு இல்லை. ஆகவே, மேசைக் கணனிச் சந்தையின் இரண்டாவது கடகம் மூடப்படாமற் காத்ததில் மார்க்கத்து அறிவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று நாம் துணிந்து கூறலாம்.

2017 இன் திருப்பம்

தாய்வானிற் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்த லிசா சூ என்னும் பொறியியலாளர் 2014 இல் ஏ.எம்.டி.யின் தலைமையை ஏற்றார். 2017 மார்ச்சில் ரைசன் என்னும் புதிய வரிசை வெளிவந்தது. எட்டுக் கோர் கொண்ட ரைசன் செயலியின் விலை 329 டொலரில் தொடங்கியது. அவ்வரிசையின் தலைச்செயலி 499 டொலர். ஆயிரம் டொலருக்கு மேல் விற்றதைப் பாதிக்கும் குறைவான விலைக்குக் கொடுத்தால் மற்றவர் வாளாவிருப்பாரோ? அதே ஆண்டு ஒக்ரோபரில் இன்ரெல் ஆறு கோர் கொண்ட செயலியை 359 டொலருக்கு வெளியிட்டது. அடுத்த ஆண்டில் எட்டுக் கோர் வந்தது. பத்தாண்டுகளாக நிகழாதது இரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. 2018 இல் 1,979 டொலராயிருந்த இன்ரெல்லின் 18 கோர்ச் செயலிக்கு அடுத்து வந்த செயலி, அதே 18 கோருடன், 2019 இல் 979 டொலருக்கு அறிவிக்கப்பட்டது. ஆயிரம் டொலரை ஒரே ஆண்டில் குறைத்தது போட்டியின்றி வேறென்ன?

வென்றவரும் வணிகரே

இவ்விடத்திற் சிலர், "அப்படியாயின் ஏ.எம்.டி. நல்ல நிறுவனம், இன்ரெல் தீய நிறுவனம்" என்று முடிவுகட்டுவர். அது இப்பாடத்தைப் பிழையாகக் கற்றதாகும். 2019 இல் ஏ.எம்.டி.யின் ஆறு கோர்ச் செயலிகளுள் ஒன்று 249 டொலருக்கு வந்தது. 2020 நவம்பரில், இன்ரெல்லைத் தெளிவாக முந்திவிட்ட வேளையில், அதன் வழிவந்த செயலிக்கு 299 டொலர் கூறப்பட்டது. நூற்றுக்கு 20 வீத ஏற்றம்! 2022 யனவரியில் இன்ரெல் தன் ஆறு கோர்ச் செயலியை 192 டொலருக்கு விற்கத் தொடங்கியது. ஏப்ரிலில் ஏ.எம்.டி. 199 டொலருக்கு ஓர் ஆறு கோர்ச் செயலியை வெளியிட்டது. பின்தங்கியவர் மலிவாக விற்பார். முந்தியவர் விலையை உயர்த்துவார். பெயர்கள் மாறலாம், விதி மாறுவதில்லை.

2024 ஓகஸ்டில் இன்ரெல் தன் ஊழியருள் நூற்றுக்கு 15 வீதத்துக்கும் மேலானோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஒருகாலத்தில் அசைக்கவியலாததாக விளங்கிய நிறுவனத்தின் நிலை இது. ஏ.எம்.டி.யை விரும்புவோர் இதனைக் கண்டு மகிழ்வதற்கு எதுவும் இல்லை. 2011 இற்குப் பின் ஒரு கடகம் தளர்ந்தபோது நாம் இழந்ததை, மற்றைய கடகம் தளர்ந்தாலும் இழப்போம்.

நாம் செய்யத்தக்கவை

1. தேவையை முதலில் எழுதுக. கட்டுரை எழுதல், இணையப் பாடம், கணக்குத் தாள் ஆகியவற்றுக்கு நடுத்தரச் செயலியே போதும். தலைச்செயலிக்குச் செலவிடும் பணத்தை நினைவகத்துக்கும் விரைவுச் சேமிப்பகத்துக்கும் செலவிடின் கூடிய பயன் கிட்டும்.

2. புதிய வரிசை வரும்போது முந்திய வரிசையின் விலையைக் கவனிக்க. ஓராண்டு பழைய வடிவமைப்பு உங்கள் பிள்ளையின் படிப்பைக் குறைத்துவிடாது.

3. அறிவிக்கப்படும் விலை அமெரிக்க டொலரில் இருப்பின், கனேடிய டொலருக்கு மாற்றி, ஒன்ராறியோவின் 13 வீத வரியையும் கூட்டிப் பார்க்க.

4. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணனிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் அவற்றின் செயலி வின்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் உள்ளதா எனப் பார்க்க. வின்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிவடைந்தது.

5. இரு நிறுவனப் பொருள்களையும், இரண்டு கடைகளையேனும், ஒப்பிட்டபின் வாங்குக. ஒரு பெயருக்கு அடிமையான வாங்குபவர், விற்பவருக்குத் தனியுரிமையைத் தாமே வழங்குகின்றார்.

முடிவுரை

விலைச்சீட்டில் உள்ள எண் இயற்கையின் விதியன்று. மனிதர் மனிதரோடு போட்டியிட்டு ஆக்கிய எண் அது. போட்டி உள்ள இடத்தில் எளியோருக்கும் அறிவுக்கருவி எட்டும். அது இல்லாத இடத்தில் வசதியுள்ளோருக்கே எட்டும். ஆதலால் போட்டியைக் காக்கும் சட்டங்களும், ஒப்பிட்டு வாங்கும் பழக்கமும் எளிய குடும்பங்களின் பாதுகாப்பாகும்.

மாணவச் செல்வங்களே! ஏ.எம்.டி.யின் பெரிய வடிவமைப்பு நிலையம் இன்றும் நமக்கு அண்மையில், மார்க்கம் நகரில் இயங்குகின்றது. கணிதமும் பௌதிகமும் பயிலும் உங்களிற் சிலர் நாளை அத்தகைய இடங்களிற் செயலிகளை வடிவமைக்கலாம். சிலர் பொருளியலோ சட்டமோ பயின்று சந்தையின் நேர்மையைக் காக்கலாம். எத்துறையில் நின்றாலும், "இவ்விலை ஏன்?" என்று கேட்கும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

அருஞ்சொல் விளக்கம்

நுண்செயலி – கணனியின் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு
தாய்ப்பலகை – கணனியின் உறுப்புகளை இணைக்கும் முதன்மைப் பலகை
வரைகலை – திரையில் உருவங்களைத் தோற்றுவித்தல்
தனியுரிமை – ஒருவரே விற்கும் சந்தை நிலை
இருவருரிமை – இருவர் மட்டும் விற்கும் சந்தை நிலை
கழிவு – விலையிற் குறைத்துக் கொடுக்கும் தொகை
கடகம் – பனையோலையால் இழைத்த பெரிய பெட்டி

பயிற்சி வினாக்கள்

1. 1982 இல் இன்ரெல் தன் செயலிகளை ஏ.எம்.டி.யும் செய்ய உடன்பட்டமைக்குக் காரணம் யாது?
2. நிலையான செலவு, மாறும் செலவு ஆகியவற்றை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. 696 டொலரிலிருந்து 301 டொலருக்குக் குறைந்த செயலியின் விலை வீழ்ச்சி நூற்றுக்கு எத்தனை வீதம்?
4. ஒரு செயலியின் விலை 200 அமெரிக்க டொலர். ஓர் அமெரிக்க டொலர் 1.35 கனேடிய டொலர் எனக் கொண்டு, 13 வீத வரியுடன் ஒன்ராறியோவில் செலுத்த வேண்டிய தொகையைக் காண்க.
5. "போட்டியாளர் தளர்ந்தால் விலை ஏறாவிட்டாலும் வாங்குபவர் இழக்கின்றார்." இக்கூற்றை 2007 முதல் 2017 வரையான வரலாற்றைக் கொண்டு ஆராய்க.
6. உங்கள் வீட்டார் வழக்கமாக வாங்கும் ஒரு பொருளின் விலையை இரண்டு கடைகளில் விசாரித்து, வேறுபாட்டுக்கான காரணத்தைப் பெற்றோருடன் கலந்துரையாடி ஒரு பந்தி எழுதுக.